வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்!

இந்த வாரம் சமையல் குறிப்பும் இல்லை, தையல் குறிப்பும் இல்லை. நாம் நாலு பேர் சேர்ந்தால் நகை, புடவை, பிள்ளைகளின் படிப்பு, நாட்டுப்பெண்ணின் சமர்த்து என்று எதை எதையோ பேசுகிறோம். ஒரு விஷயத்தை மட்டும் குரலைத் தாழ்த்திக்கூடப் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிக்காமல் கடைசி வரி வரையில் படித்துவிடுங்கள். படித்த பிறகு வீட்டில் இருக்கும் மற்றப் பெண்களிடமும் கொடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம், எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் பழவேற்காட்டுக்குப் போயிருந்தோம். சென்னைக்கு வடக்கே இருக்கும் அந்தப் பெரிய உப்பங்கழி ஏரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் தேசத்தில் ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர் ஏரி அதுதான். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்த்தோம். தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் செங்கால் நாரைகள் வரிசையாக நின்றிருந்ததைப் பார்த்தோம். பிறகு படகு பிடித்து, ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் என்ற மீனவர் கிராமத்துக்குப் போனோம். நெடுங்காலமாகக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகை நம்பியே வாழ்ந்து வந்த கிராமம் அது.

எங்களுடன் ஒரு லேடி டாக்டரும் வந்திருந்தார். வந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கால் வலி, இடுப்பு வலி, குழந்தைக்குச் சளி என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் டாக்டர், "மார்பில் கட்டி ஏதாவது யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். உடனே ஒரு சிரிப்பும் ஒரு மௌனமும் சேர்ந்து வந்தன.

நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஓர் அம்மாள், கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்:

"அந்த நோவெல்லாம் பட்டணத்துல இருக்கிறவங்களுக்குத்தான் டாக்டரம்மா. நாலு புள்ள பெத்து, நாலுக்கும் ரெண்டு ரெண்டு வருசம் பால் குடுத்தவ நானு. காத்தால எழுந்தா ராத்திரி படுக்கிற வரைக்கும் வேலை. எனக்கு ஏன் வரப்போவுது?"

என் பக்கத்தில் நின்ற சிநேகிதி ஒருத்தி, மயிலாப்பூர்க்காரி, மெள்ள என் காதில் சொன்னாள்: "எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இந்த வியாதி கிடையாது. அந்த மட்டில் எனக்கும் பயமில்லை."

டாக்டரின் காதில் இரண்டும் விழுந்துவிட்டன. "இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி" என்றார். "முழுத் தப்பாக இருந்தால்கூடத் திருத்திவிடலாம். பாதி சரியாக இருப்பதால்தான் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள்."

அந்தப் பாதி எது, மிச்சப் பாதி எது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. 'ஆபத்துக் காரணங்கள்' என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அது ஜோசியமும் அல்ல, தீர்ப்பும் அல்ல. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா, அதைப் போன்றது. கூண்டு ஏற்றிய நாளெல்லாம் புயல் வந்து அடித்துவிடுவதில்லை. கூண்டு ஏற்றாத நாளில் கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள் என்பதும் இல்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய அளவைக் கூண்டு சொல்கிறது. அவ்வளவுதான்.

பசியாவரத்து அம்மாள் சொன்னதில் சரியான பாதியைப் பார்ப்போம். முந்நூறு வருஷங்களுக்கு முன் இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். இன்ன தொழில் செய்கிறவர்களுக்கு இன்ன வியாதி வருகிறது என்று கணக்குப் பார்த்தவர் அவர். கன்னிமாடங்களில் இருந்த கிறிஸ்தவத் துறவிப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகமாக வருவதை அவர் கவனித்தார். பிள்ளை பெறாததற்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது அப்போதே தென்பட்டது. பிறகு 1926-ல் இங்கிலாந்தில் ஜேனட் லேன் கிளேபன் என்ற லேடி டாக்டர், நோய் கண்ட 500 பெண்களையும் நோய் இல்லாத 500 பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தாமதமாகக் கலியாணம் செய்துகொண்டவர்கள், குறைவாகப் பிள்ளை பெற்றவர்கள், குறைவான காலம் பால் கொடுத்தவர்கள் ஆகியோர் நோய் கண்டவர்களிடையே அதிகமாக இருந்தார்கள்.

2002-ல் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வெளிவந்தது. 30 தேசங்களில் நடந்த 47 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் கண்டவர்கள் சுமார் 50,000 பேர், காணாதவர்கள் சுமார் 97,000 பேர். ஒவ்வொரு பிரசவமும் அபாயத்தை 7 சதவீதம் குறைக்கிறது, அதற்கு மேல், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதமும் 4.3 சதவீதம் குறைக்கிறது என்று தெரிந்தது. சதவீதம் என்றதும் குழம்பிவிடாதீர்கள். நூறு பேருக்கு வரக்கூடிய இடத்தில், அவர்கள் எல்லாரும் ஒரு வருஷம் கூடுதலாகப் பால் கொடுத்திருந்தால் தொண்ணூற்றாறு பேருக்கு வரும் என்பது அதன் பொருள்.

ஏன் இப்படி? பெண்ணின் சரீரத்தில் மாதா மாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குகிறது. மார்பில் உள்ள திசுக்கள் ஒவ்வொரு மாதமும் அதற்கு இசைந்து வளர்ந்து அடங்குகின்றன. இப்படி வளரும் முறைகள் எவ்வளவு அதிகமோ, அணுக்களில் பிசகு நேர அவ்வளவு இடம் உண்டு. ஆகையால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே பெரியவளாகிவிட்ட பெண்ணுக்கும், ஐம்பத்தைந்துக்குப் பிறகும் மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கும் அபாயம் சற்று அதிகம். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அந்தச் சக்கரம் நின்று ஓய்வெடுக்கிறது. அதோடு, இளம் வயதில் நடக்கும் முதல் பிரசவத்தில் மார்பின் அணுக்கள் முதிர்ந்து உறுதிப்படுகின்றன. முப்பதுக்கு மேல் முதல் குழந்தை பெறுகிறவர்களுக்கு அந்தக் காப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

"அப்படியானால் பதினெட்டு வயதில் கலியாணம் செய்து வரிசையாகப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லை, இல்லவே இல்லை! பெண்கள் படிப்பதும் உத்தியோகம் பார்ப்பதும் ஒன்றிரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்வதும் நமக்கு எத்தனையோ நன்மைகளைத் தந்திருக்கின்றன. பிரசவத்தில் மடிந்த நம் பாட்டிமார்களின் கதை நமக்கு மறந்துவிடவில்லை. நகரத்துப் பெண்ணின் வாழ்க்கை மாறியதில் இந்த ஒரு பக்கமும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு ஜாக்கிரதையாக இருங்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னையிலேயே பாருங்கள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியார் 1980-களிலிருந்து நகரத்தின் புற்றுநோய்க் கணக்கை எழுதி வருகிறார்கள். தொடக்கத்தில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது.

சரி, நாலு பிள்ளை பெற்று எட்டு வருஷம் பால் கொடுத்த அம்மாளுக்கு அபாயம் குறைவுதான். குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. அவள் தவறவிட்ட பாதி அதுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பிரசவம் ஆனவுடன் அந்தக் காப்பு வந்துவிடுவதில்லை. பிள்ளை பெற்ற சில வருஷங்கள் வரையில் அபாயம் சற்றுக் கூடி, பிறகே குறைகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் கட்டி தென்பட்டால், "பால் கட்டிக்கொண்டிருக்கிறது" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டியது அவசியம்.

இப்போது மயிலாப்பூர் சிநேகிதியின் பாதியைப் பார்ப்போம். தாய், சகோதரி, மகள் ஆகிய இவர்களில் ஒருத்திக்கு இந்த நோய் வந்திருந்தால், அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உண்மைதான். இளம் வயதில் வந்திருந்தாலும், இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலும் இன்னும் அதிகம். குடும்பத்தில் இப்படி இறங்கிவரக்கூடிய இரண்டு மரபணுக்களை 1994-லும் 1995-லும் கண்டுபிடித்தார்கள். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று அவற்றுக்குப் பெயர். இந்த மரபணுக் கோளாறு தகப்பனார் வழியாகவும் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அத்தைக்கோ அப்பாவைப் பெற்ற பாட்டிக்கோ இருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான். சூல்பைப் புற்றுநோய் கண்டவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் நூறு பேருக்கு இந்த நோய் வந்தால், அவர்களில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் இப்படிப் பரம்பரையாக இறங்கிய மரபணுக் கோளாறு காரணம். மற்ற தொண்ணூறு பேருக்கு அந்தக் கோளாறு இல்லை. அவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் இந்த நோய் முன்பு வந்ததே இல்லை. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற தைரியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் கையில் இல்லாத காரணங்கள் இன்னும் சில உண்டு. பெண்ணாகப் பிறந்ததே முதல் காரணம். புருஷர்களுக்கும் வரும், ஆனால் நூற்றில் ஒருவர் கூட இராது. வயது ஏறுவது இரண்டாவது காரணம். மேல் நாடுகளைக் காட்டிலும் நம் தேசத்தில் சராசரியாகச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே இது பெண்களைப் பிடிக்கிறது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறு வயதில் வேறு வியாதிக்காக மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், ஏற்கெனவே ஒரு பக்கம் நோய் கண்டு தேறியவர்களுக்கும் அபாயம் அதிகம்.

இனி, நம் கையில் இருப்பவை. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு பருப்பது நல்லதல்ல. சூல்பை ஓய்ந்த பின் உடம்பின் கொழுப்பே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. தினம் அரைமணி நேரம் வேகமாக நடப்பது அபாயத்தைக் குறைக்கிறது. வேலைக்காரி, வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் இருக்கும் வீட்டில் நம் உடம்புக்கு வேலை எங்கே இருக்கிறது? மது அருந்துவது இந்த நோயின் நிச்சயமான காரணங்களில் ஒன்று. கொஞ்சமாகக் குடித்தாலும் அபாயம் கூடுகிறது. மாதவிலக்கு நின்றபின் உடம்புச் சூட்டுக்கும் படபடப்புக்கும் என்று சிலர் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதனால் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று 2002-ல் காட்டிவிட்டது. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவும் வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரையால் ஏற்படுவது சிறிய ஏற்றந்தான். மாத்திரையை நிறுத்திய சில வருஷங்களில் அது மறைந்துவிடுகிறது.

இவற்றில் சேராத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பில் அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. இறுக்கமான உள்ளாடையால் வருவதில்லை. ஒருவரைத் தொட்டதால், அவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டதால் ஒட்டிக்கொள்வதில்லை. கண் திருஷ்டி, செய்வினை, போன ஜன்மத்துப் பாவம் எதுவும் காரணமில்லை. நோய் வந்தவளைப் பார்த்து, "நீ பால் கொடுக்கவில்லையா? தாமதமாகப் பெற்றுக்கொண்டாயா?" என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி அவளுக்கு எந்த உபகாரமும் செய்யாது.

ஏன் என்றால், கடைசியாகச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று பாக்கி இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்லும் கணக்குப்படி, மார்பகப் புற்றுநோய் காண்கிற பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் நாற்பது வயது கடந்தவள் என்பதையும் தவிர வேறு எந்தக் காரணமும் தென்படுவதில்லை. பால் கொடுத்தவள், மெலிந்தவள், உழைப்பாளி, குடும்பத்தில் நோயே இல்லாதவள், எல்லாரும் அந்தப் பாதியில் இருக்கிறார்கள். 2022-ஆம் வருஷத்துக்கான மதிப்பீட்டின்படி நம் தேசத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். நோய் முற்றிய பிறகு வருவதுதான் இத்தனை மரணங்களுக்கு முக்கியமான காரணம்.

ஆகவே சகோதரிகளே, ஆபத்து இரண்டு வகை. நோய் வரும் ஆபத்து ஒன்று. வந்த நோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்கும் ஆபத்து இன்னொன்று. முதல் ஆபத்து பசியாவரத்தைவிட மயிலாப்பூரில் அதிகமாக இருக்கலாம். இரண்டாவது ஆபத்து பசியாவரத்தில் அதிகம். படகு வேண்டும், பஸ் வேண்டும், ஒரு நாள் வருமானம் போக வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது ஆபத்து மயிலாப்பூரிலும் இல்லாமல் இல்லை. அங்கே படகுக்குப் பதில் வெட்கம் குறுக்கே நிற்கிறது. பரீட்சை முடியட்டும், பண்டிகை போகட்டும், பெண் கலியாணம் ஆகட்டும் என்ற ஒத்திவைப்பு குறுக்கே நிற்கிறது.

அன்று பசியாவரத்தில் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, கிளம்புவதற்காக எழுந்தார். கருவாடு புரட்டிய அம்மாள் எங்களைக் கரை வரையில் கொண்டுவிட வந்தாள். மற்றவர்கள் படகில் ஏறும்வரை காத்திருந்து, டாக்டரிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டாள்:

"வலிக்காத கட்டிக்குப் பயப்பட வேணாமில்ல டாக்டரம்மா?"

டாக்டர் படகில் ஏறவில்லை. அவளை அழைத்துக்கொண்டு திரும்ப அவள் குடிசைக்குப் போய்விட்டார். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கட்டி தென்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்ததாம். வலித்திருந்தால் என்றைக்கோ போயிருப்பாளாம்! மகன் வலை வாங்கக் கடன் வாங்கியிருந்தான், மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், அதற்கப்புறம் மழைக்காலம். நாள் ஓடிவிட்டது.

இந்த ஏரி மீனவர்களிடையே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை போடுவது இன்னாருடைய முறை என்று அவர்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த முறையை ஒருவரும் மீறுவதில்லை. டாக்டர் அவளிடம் சொன்னார்: "உங்க வீட்டில் எல்லாருக்கும் பாடு வந்துபோச்சு அம்மா. நாளைக்கு உங்க பாடு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீங்க."

அவள் மறுநாளே புறப்பட்டு வந்தாள். மூன்று விதப் பரிசோதனை நடந்தது. டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று. மாமோகிராம் என்ற எக்ஸ்ரே, அல்லது ஸ்கான் எடுத்துப் பார்ப்பது ஒன்று. ஊசியால் துளி சதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது ஒன்று. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அவள் வீட்டார் பயந்தார்கள். உங்களிலும் பலருக்கு அந்தப் பயம் உண்டு. அது வீண் பயம். ஊசி குத்திப் பார்க்காமல் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்கவே முடியாது.

வந்திருந்தது புற்றுநோய்தான். அக்குள் வரையில் கொஞ்சம் பரவியிருந்தது, அதற்கு மேல் போகவில்லை. ரண சிகிச்சை, மருந்து ஏற்றுவது, ஜனங்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்கிறார்களே அந்தக் கதிர்வீச்சு எல்லாமாக ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிற்று. தலைமயிர் கொட்டியது, மறுபடி முளைத்தது. எட்டு மாதம் முந்தி வந்திருந்தால் சிகிச்சை இன்னும் சுலபமாக இருந்திருக்கும். இன்னும் எட்டு மாதம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சென்னையில் இந்த நோய்க்குச் சிகிச்சை கிடைப்பதற்கே ஒரு பெண்ணின் துயரந்தான் விதை போட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத அந்த வேதனையை அவர் முப்பது வருஷம் மறக்கவில்லை. பணம் திரட்டி, பலரிடம் மன்றாடி, 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கைகளுடன் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரையில் அந்த ஆஸ்பத்திரிக்காகவே வாழ்ந்தார். இன்று சென்னை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியிலும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்களுக்குச் செலவுக்கு உதவி உண்டு. பணமில்லை என்று ஒருத்தியும் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

பெரிய இயந்திரம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பம்பாயில் டாடா நினைவு ஆஸ்பத்திரியார் 1998-ல் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் மார்பை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் மட்டும் சோதித்து வந்தார்கள். அதன் முடிவு 2021-ல் வெளிவந்தது. கட்டிகள் முன்னதாகவே அகப்பட்டன. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே இந்த நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் மரணம் அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், பழகிய கை ஒன்று இருந்தால் எவ்வளவு செய்யலாம் என்பது தெரிகிறதல்லவா? முப்பது வயது கடந்த பெண்களை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இப்படிச் சோதிக்க வேண்டும் என்பது நம் சர்க்காரின் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் இன்னும் முன்னதாக எப்போது, எந்தப் பரிசோதனை செய்துகொள்வது என்று டாக்டரையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். குளிக்கும்போது கவனியுங்கள். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி அல்லது தடிப்பு. ஒரு பக்கம் மட்டும் அளவோ உருவமோ மாறுவது. தோல் குழிவது, அல்லது கமலாப்பழத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பில் ஆறாத புண். இரத்தம் கலந்த நீர் கசிவது. இவற்றில் எது தென்பட்டாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், டாக்டரிடம் போய்விடுங்கள். பத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளாகவே இருக்கும். அதை நிச்சயம் செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்குவது நல்லதல்லவா? டாக்டரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளைக்குள் இன்ன நோய் என்று நிர்ணயம் ஆகிவிட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள இலக்கு. எட்டு மாதம் எங்கே, அறுபது நாள் எங்கே!

பசியாவரத்து அம்மாள் இப்போது சௌக்கியமாக இருக்கிறாள். தவறாமல் சோதனைக்குப் போய்வருகிறாள். சென்ற தடவை தனியாகப் போகவில்லையாம். ஊரில் இன்னும் மூன்று பெண்களை இழுத்துக்கொண்டு போனாளாம். மூவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. "படகுக் கூலி வீணாப் போச்சேன்னு ஒருத்தி சொன்னா. அப்படியே வீணாப் போவட்டும்டின்னு சொல்லிட்டேன்" என்று எங்களிடம் சிரித்தாள்.

மயிலாப்பூர் சிநேகிதியும் ஒரு நாள் போய்ச் சோதித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கும் ஒன்றுமில்லை.

நீங்கள் எப்போது போகப் போகிறீர்கள்? போகும்போது உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவளும் ஏதாவது ஒரு வேலை முடியட்டும் என்று காத்துக்கொண்டிருப்பாள்.